அவன் தரப்பும் அவள் சொன்ன பொய்யும்

'அவன் தரப்பையும் கேட்க வேண்டாமா?' என்பது நியாயமான கேள்விதான். பஞ்சாயத்தில் நியாயம், நீதிமன்றத்தில் இன்னும் நியாயம். அதே கேள்வி காதல் கதைக்குள் புகுந்து, ஒரு பெண் தன் வாயால் சொல்லி முடித்த கதையை அவளைக் காதலித்தவன் வாயால் இரண்டாம் முறை சொல்லவைக்கும்போது, அது கேட்பது நியாயத்தைத்தானா என்பதே நமது ஐயம். இதைப் படித்துவிட்டு நண்பர்கள் சிலர் நம்மைப் பழமைவாதி என்பார்கள். வேறு சிலர், வணிக நாவல்களைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் ஏன் வாய் திறக்க வேண்டும் என்பார்கள். இரண்டு வசைகளும் நமக்குப் பழக்கமானவையே.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவோம். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இல் வெளிவந்தது. பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண் தன் கதையைத் தானே சொல்லுகிற நாவல் அது. அவள் காதலிக்கும் எட்வர்ட் இரத்தம் குடிக்கும் இனத்தவன். அதே நிகழ்ச்சிகளை எட்வர்ட் சொல்வதாக 'மிட்நைட் சன்' என்றொரு நூலை மேயர் எழுதிக்கொண்டிருந்தார். முற்றுப்பெறாத அந்தப் பிரதி 2008இல் அவர் அனுமதியின்றி இணையத்தில் கசிந்துவிட, மனம் கசந்து நிறுத்திவைத்தார். 2020 ஆகஸ்டில் அது முழு நூலாக வந்தது, அறுநூறு பக்கங்களுக்கும் மேல். இதற்கிடையில் 2015இல் இ. எல். ஜேம்ஸ் தம் புகழ்பெற்ற தொடரை அதன் நாயகன் வாயால் மறுபடி சொல்லி 'கிரே' என்று வெளியிட்டார். ஜேம்ஸின் அந்தத் தொடரே 'ட்வைலைட்'டின் இரசிகர் புனைவாகத் தொடங்கியது என்பதால் இதைக் குடும்பத் தொழில் என்றுகூடச் சொல்லலாம். நம் மாணவியர் கைப்பேசியில் வாசிக்கிற தமிழ்த் தொடர்கதைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். நாயகி சொன்னது போதாது, நாயகன் மனத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள் என்னும் வேண்டுதல் அங்கும் இருக்கிறது. வேண்டுபவர்களில் பலர் பெண்கள். இதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது நேர்மையாகாது.

இத்தகைய நூல்களைக் கண்டதும் மூக்கைச் சுளிப்பது சிற்றிதழ் மரபு. ஒரே பண்டத்தை இரண்டு முறை விற்கிறார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விற்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சியை வேறொருவர் வாயால் சொல்லவைப்பதே இழிவு என்றால் நம் அகப்பாடல்கள் அனைத்தையும் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான். தலைவன் எப்போதெல்லாம் பேசுவான், தலைவி எப்போதெல்லாம் பேசுவாள், தோழிக்கும் செவிலிக்கும் எந்தெந்த இடங்களில் பேச்சுண்டு என்று தொல்காப்பியம் களவியலிலும் கற்பியலிலும் பட்டியல் போட்டே சொல்கிறது. பாங்கன், பாணன், கண்டோர், பரத்தை என்று பேசுவோர் வரிசை நீள்கிறது. எல்லாவற்றையும் அறிந்தவராக மேலே நின்று கதை சொல்லும் ஒருவர் அகத்தில் கிடையாது. புலவர் தம் குரலில் பேசுவதில்லை. இன்னார் இன்னாருக்குச் சொல்லியது என்ற துறைக்குறிப்பு இல்லாவிட்டால் பல பாடல்களில் வழி தெரியாமல் நின்றுவிடுவோம். (எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வியாதி நமக்கு இல்லை. இருந்ததை வைத்து என்ன செய்தோம் என்பதற்குப் பின்னால் வருவோம்.)

ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அகப்பாட்டில் தலைவன் பேசினால் அவனுக்குத் தெரிந்ததை மட்டும் பேசுகிறான். இன்னொரு பாட்டில் ஒரு தலைவி சொன்னதை அது இரத்து செய்வதில்லை. பெயர் சுட்டும் வழக்கம் அங்கில்லாததால் யாருடைய கதையையும் யாரும் திருத்த வருவதில்லை. 'மிட்நைட் சன்' வகை நூல்கள் திருத்த வருகின்றன. நம் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

வழக்குக்குச் சான்றாக வெளிநாட்டு நாவலைவிட நமக்கு நெருக்கமான பிரதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கலித்தொகையில் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிக்கலியின் 51ஆம் பாட்டு. தமிழ் படித்த எவருக்கும் அதை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் கதையைச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் ஒவ்வோர் அசைவும் நமக்கு வேண்டும். தலைவி தோழியிடம் சொல்கிறாள். தெருவில் நாம் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்தவன், கூந்தலில் சூடியிருந்த மாலையை அறுத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், அந்தப் போக்கிரிப் பயல் ஒருநாள் நம் வீட்டு வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். பொற்கலத்தில் நீர் கொடுத்துவிட்டு வா என்றாள் அம்மா. வந்திருப்பவன் அவன் என்று அறியாமல் போனேன். வளையணிந்த என் முன்கையைப் பற்றி அழுத்தினான். திடுக்கிட்டு, அம்மா, இவன் செய்ததைப் பார் என்று கத்திவிட்டேன். அவள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்றேன். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் கடைக்கண்ணால் கொல்வதுபோல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான், அந்தத் திருடன் பெற்ற பிள்ளை.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த நாள் முதல் இந்தப் பாட்டை வியக்காத தமிழாசிரியர் இல்லை. ஓரங்க நாடகம் என்பார்கள், சிறுகதை என்பார்கள், நகைச்சுவை என்பார்கள். நாமும் அப்படித்தான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்திவந்தோம். அவள் விக்கினான் என்று சொல்லும் இடம் வந்ததும் சற்று நிறுத்துவோம். வகுப்பு சிரிக்கும். அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

சென்ற கல்வியாண்டில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். இந்தப் பாட்டின் நிகழ்ச்சியை அந்த இளைஞன் தன் பாங்கனிடம் சொல்வதாக உரைநடையில் இரண்டு பக்கம் எழுதுக. புதுமையாக எதையோ செய்துவிட்டதாக நமக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்தன. சோர்ந்துபோனோம். எழுத்துப்பிழை காரணமன்று, அதற்குப் பழகிவிட்டோம்.

ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அந்தப் பையன் சிறு வயது முதலே அவளை விரும்பியவனாகிவிட்டான். மணல்வீட்டை மிதித்தது அவள் தன்னைக் கவனிப்பதற்காக. மாலையை அறுத்தது அதை நினைவாக வைத்துக்கொள்வதற்காக. தண்ணீர் கேட்டது பல இரவுகள் உறங்காமல் தவித்த பின்பு. கையைப் பற்றியது தன்னை அடக்க முடியாமல். ஒரு மாணவன் அந்தக் கைப்பிடிக்கு மட்டும் ஒரு பக்கம் செலவழித்திருந்தான். நல்ல நடைதான். ஒன்றை மட்டும் அவர்களில் யாரும் எழுதவில்லை. கைப்பற்றப்பட்டவள் கத்தினாள் என்பது பெரும்பாலான தாள்களில் நாணத்தால் எழுந்த சிறு கூச்சலாகச் சுருங்கிவிட்டது. அவள் சொன்ன பொய் காதலின் ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. மாணவியர் எழுதியவையும் இதற்கு விலக்கல்ல. பாட்டில் அவளுடையதாக இருந்த ஒவ்வொன்றும் அவன் வாய்க்குப் போனதும் அவனைப் பற்றியதாக மாறியிருந்தது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில், எழுதித் தராத ஒரு மாணவி வகுப்பு முடிந்து வந்து நின்றார். கிராமத்திலிருந்து நகரப் பேருந்தில் வந்து போகிறவர். "ஐயா, எனக்கு அவனா இருந்து எழுத வரல. விக்கினான்னு அவ சொல்லலைன்னா மறுநாள்லேர்ந்து அவள வாசல்ல நிக்கவே விட்டிருக்க மாட்டாங்க. அதுக்குத்தானே ஐயா சொல்லியிருப்பா?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. உடனே சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பேருந்தில் நடப்பதை வீட்டில் சொன்னால் பேருந்தில் வந்தவனை யாரும் நிறுத்தமாட்டார்கள், தன் படிப்பைத்தான் நிறுத்துவார்கள் என்று அவர் தொடர்ந்து சொன்னதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. அது அவருடைய கதை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்த மாவட்டம் என்று இந்தப் புதுக்கோட்டையைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசிவருகிறோம். அந்தத் தலைமுறையின் மகள்கள்தாம் இன்று நம் வகுப்பில் இருப்பவர்கள். வீட்டைவிட்டு வெளியே வரும் உரிமையைக் காத்துக்கொள்ள ஒரு பெண் பொய் சொல்வாள் என்ற எளிய எண்ணம் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நம் பாடத்தில் நுழையவில்லை.

அந்தப் பாட்டுக்கு அம்மாணவி சொன்னதே பொருள் என்று தீர்ப்பெழுத நாம் முன்வரவில்லை. தோழியிடம் அவள் சொல்லும் தொனியில் கோபத்தைவிடக் கிளர்ச்சி மிகுதி. அவளுக்கும் விருப்பம் இருந்தது என்று கொள்ள அகமரபு முழுவதும் துணை நிற்கிறது. ஆனால் விருப்பத்தால் சொன்னாளா, அச்சத்தால் சொன்னாளா, இரண்டும் கலந்தா, அல்லது கத்தியது தனக்கே வெட்கமாகிப் போனதால் வாயில் வந்ததைச் சொன்னாளா என்பதைப் பாட்டு திறந்தே வைத்திருக்கிறது. அதைத் திறந்து வைக்கும் உரிமை அவளுடையது. கதையைச் சொல்பவள் அவள். அவன் பக்கக் கதை வந்ததும் முதலில் பறிபோவது அந்த உரிமை.

பழைய இலக்கணக்காரர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். எதிர்த்தரப்பின் மனம் தெரியாமல் ஒருவன் தானே பேசித் தானே மகிழ்வதற்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார்கள். காமம் இன்னதென்றே அறியாத சிறுபெண்ணிடம் மறுமொழி பெறாமலே பேசிக்கொண்டிருப்பவனைத் தொல்காப்பியம் அங்கேதான் வைக்கிறது. அவனுக்குப் பேச்சு மறுக்கப்படவில்லை. அவன் பேச்சு எந்த வகையைச் சேர்ந்தது என்று பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய 'அவன் பார்வை' நாவல்களில் முதற்பாதி பெரும்பாலும் கைக்கிளை. அட்டையில் மட்டும் ஐந்திணை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அதற்காக மரபைத் தூய்மையானது என்று தூக்கிப்பிடிக்கவும் முடியாது. மடலேறுதல் என்பது என்ன? பனங்கருக்கால் செய்த குதிரைமேல் ஏறி, எருக்கம்பூ சூடி, ஊர்த்தெருவில் அவள் பெயர் கெடும்படி வருவேன் என்று ஒருவன் மிரட்டுவது. அவன் வாயால் கேட்டால் அது காதல் நோயின் உச்சம். அவள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அது பகிரங்க அச்சுறுத்தல். மடலைப் பாடியே பெயர் பெற்ற மாதங்கீரனார் என்று ஒரு புலவர் நமக்கு உண்டு. ஊருக்குள் மடல் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பெண் அன்றிரவு எப்படி உறங்கினாள் என்பதற்குப் பெயர் பெற்ற புலவர் இல்லை. பெண் மடலேறுதல் இல்லை என்று இலக்கணம் சொல்லிவிட்டது. திருமங்கையாழ்வார் இரண்டு திருமடல்களில் பெண்ணாகி நின்று அந்த வேலியைத் தாண்டியது வேறு கதை. அங்கும் பேனா ஆணின் கையில்தான்.

மேயரிடம் திரும்புவோம். அவர்மீது நமக்கு வருத்தம் ஏற்படக் காரணம், அவர் கையில் ஓர் அருமையான கருவி இருந்ததுதான். எட்வர்டுக்குச் சுற்றியுள்ள அனைவர் மனத்திலும் ஓடுவது கேட்கும். பெல்லாவின் மனம் ஒன்று மட்டும் கேட்காது. இந்த ஒரு கற்பனைக்காக அந்த ஆசிரியரை நாம் மதிக்கிறோம். எல்லாம் தெரிந்தவனுக்கு அவள் மட்டும் தெரியவில்லை என்பதை மையமாக வைத்து அவன் வாயால் ஒரு நாவல் எழுதினால் அது எத்தனை பெரிய நாவலாகியிருக்கும்! நடந்தது வேறு. முதல் நூலில் வகுப்பறையில் முதன்முறையாக அருகில் அமரும்போது அவன் தன்னை வெறுப்போடு முறைப்பதாகப் பெல்லா உணர்கிறாள். இரண்டாம் நூலில், அந்த ஒரு மணி நேரமும் அவளையும், சாட்சியாகும் என்பதால் வகுப்பிலுள்ள பிறரையும் எப்படிக் கொல்லலாம் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் படிக்கிறோம். அவள் அஞ்சியது சரி, அஞ்ச வேண்டியதில் பாதிகூட அவள் அஞ்சவில்லை என்று பொருள். நூல் நம்மிடம் கேட்பதோ, பாவம், எவ்வளவு போராடித் தன்னை அடக்கிக்கொண்டான் என்ற இரக்கத்தை. இரவில் அவள் அறையில் அவளறியாமல் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் இதே கதிதான். செயல் மாறவில்லை. அதன் அருகில் ஒரு பெருமூச்சு வைக்கப்பட்டிருக்கிறது.

தம் நாயகி எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள் என்ற விமர்சனத்துக்கு விடையாக மேயர் 2015இல், ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி அதே கதையை இன்னொரு முறையும் எழுதினார். அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆணுக்குப் பேச்சுக் கொடுத்தாலே இப்படித்தான் ஆகும் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். ஜான் ஃபௌல்ஸின் 'தி கலெக்டர்' 1963இல் வந்தது. வண்ணத்துப்பூச்சி சேகரிக்கும் இளைஞன் தான் விரும்பிய பெண்ணைக் கடத்தி நிலவறையில் அடைத்து வைக்கிறான். தான் அவளை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறேன் என்று அவனே சொல்லிக்கொண்டு போகிறான். வாசகன் ஏறக்குறைய அவனோடு சேர்ந்துவிட்ட நேரத்தில் அவன் பேச்சு அறுந்து, அதே நாட்களைப் பற்றி அவள் எழுதிய நாட்குறிப்பு தொடங்குகிறது. நமக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருக்கிறது. இன்னும் பொருத்தமான சான்று ஜீன் ரைஸின் 'வைட் சர்காசோ சீ', 1966. சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலில் மாடியறையில் அடைபட்டுக் கிடக்கும் பைத்தியக்கார மனைவிக்கு ரைஸ் ஒரு வாழ்வும் பெயரும் கொடுத்தார். பலர் மறந்துவிடுவது, அந்த நாவலின் நடுப்பகுதியில் பெரும்பங்கு பேசுபவன் அவளுடைய கணவன் என்பதை. அவனுக்கு ரைஸ் பெயர்கூட வைக்கவில்லை. அவன் குழப்பம், தந்தைமேல் அவனுக்குள்ள கசப்பு, அந்நிய மண்ணில் அவன் படும் அச்சம் எல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. மனைவியின் பெயரை மாற்றி வேறொரு பெயரால் அவன் அழைக்கத் தொடங்கும்போது அவன் வாயாலேயே அவன் மாட்டிக்கொள்கிறான். அவனைப் புரிந்துகொள்கிறோம். அவளுக்கு நேர்ந்தது அதனால் ஓர் அணுவும் குறைவதில்லை.

அதே 1966இல் தமிழில் ஒன்று நடந்தது. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை மாலை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பெண், ஒரு கார், பிறகு வீட்டில் அவள் தலையில் நீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் விதவைத் தாய். தமிழ்நாடு கொதித்தது. அந்தத் தாய் வேறு விதமாக நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று திருத்தி எழுதிய கைகளும் இருந்தன. ஜெயகாந்தனே பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து நூலாகி 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறுகதையின் தாயைப் போலன்றிக் கூச்சலிட்டு ஊரைக் கூட்டிவிட்ட தாய்க்குப் பிறந்தவள் கங்கா. அவள் அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படித்து, தன்னைக் கெடுத்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பிரபுவுக்கு இப்போது மனைவி உண்டு, மகள் உண்டு, தன்மேல் தனக்கே மதிப்பில்லாத ஒரு வெறுமை உண்டு. ஜெயகாந்தன் அவனை மனிதனாக்குகிறார். படிப்பவர்க்கு அவன்மேல் பரிவுகூட வந்துவிடுகிறது. இதைத்தானே மேயரும் செய்தார் என்று கேட்கலாம்.

இல்லை. பிரபுவுக்குக் கதை சொல்லும் நாற்காலி கொடுக்கப்படவில்லை. அன்றைய மழை மாலையில் அவன் மனத்தில் என்ன ஓடியது என்று விளக்கும் தனி நாவலை ஜெயகாந்தன் எழுதவில்லை. தொடர்ச்சியாக 1978இல் எழுதியபோதும் 'கங்கை எங்கே போகிறாள்' என்றே கேட்டார். தான் செய்தது ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்தது என்பதைப் பிரபு கங்காவிடமிருந்தே அறிகிறான். அவன் மனிதனாவது அவள் பேசுவதைக் கேட்பதால். இந்த நாவலின் முடிவில் நமக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. கங்கா குடிக்குள் சரிவதை ஜெயகாந்தன் அவசரப்பட்டு முடித்துவிட்டார் என்றே இன்றும் நினைக்கிறோம். ஆயினும் யார் சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்ற ஒழுங்கில் அவர் தவறவில்லை.

தமிழில் அவன் தரப்பு ஏதோ கேட்கப்படாமலே கிடப்பதாக எண்ணுபவர்கள் நம் திரையரங்குகளுக்குப் போனதில்லை போலும். 1991இல் வந்த 'குணா' ஒரு பெண் கடத்தப்படும் கதை. கடத்தியவனின் மனநோயும் பக்தியும் நம் கண்ணீரைப் பிழிந்தன. அபிராமி, அபிராமி என்று அவன் அழைக்கும் அந்தப் பெண்ணின் பெயர் ரோகிணி என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ரோகிணி சொல்லும் 'குணா'வை யாரும் கேட்கவில்லை. 'காதல் கொண்டேன்' (2003) படத்துக்கும் இதுவே பொருந்தும். இந்த மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்து ஞானபீடம் வரை போன அகிலனும் 'பாவை விளக்கு' நாவலில் தணிகாசலம் என்ற ஓர் எழுத்தாளனைச் சுற்றித் தேவகி, செங்கமலம், கௌரி, உமா என்று நான்கு பெண்களை எரியவிட்டார். பள்ளிப் பருவத்தில் அந்த நாவலைப் படித்து நாமும் தணிகாசலமாக வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. கௌரியாக இருந்து அதைப் படிக்க நமக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. கௌரி சொல்லும் 'பாவை விளக்கு' இன்னும் எழுதப்படவில்லை. மறுகூறல் வேண்டுவோர் முதலில் அங்கே போகலாமே? புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசன'த்தில் போன திசை அது. அம்பை 'அடவி'யில் சீதையின் கையில் எழுத்தைக் கொடுத்தபோது போன திசையும் அது. ஏற்கெனவே நூறு ஒலிபெருக்கிகள் வைத்திருப்பவனுக்கு நூற்றோராவதைப் பரிசளிப்பதில் என்ன சமத்துவம் இருக்கிறது என்று விளங்கவில்லை.

பெண் சொல்லும் காதல் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இளையோர் வாசிப்பில் பெருகியது மிகச் சமீபத்தில்தான். அவற்றின் தரம் எப்படியும் இருக்கட்டும், ஒரு பதினேழு வயதுப் பெண் தன் அச்சத்தையும் ஆசையையும் தானே பெயரிட்டுச் சொல்லும் இடமாக அவை இருந்தன. அந்த இடத்துக்கும் பட்டா போட்டுக்கொள்ள அவன் வந்துவிட்டான். பெண் வாசகர்களே கேட்கிறார்களே என்றால், கேட்பதன் காரணம் நமக்கு விளங்காமல் இல்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பெண்ணால் நம் ஊர்த் தெருக்களில் பாதுகாப்பாக நடக்க முடியாது. அந்தக் கவலையை இந்நூல்கள் இனிப்புத் தடவித் தீர்த்து வைக்கின்றன. முறைத்தது வெறுப்பால் அல்ல, பின்தொடர்ந்தது தீய எண்ணத்தால் அல்ல, கையைப் பிடித்தது தவிப்பால் என்று. இதை நம்பி வளரும் பையனைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தன் தவிப்பே தனக்கு அனுமதிச்சீட்டு என்று அவன் படித்துக்கொள்கிறான்.

இருவர் தரப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ஒல்லையூர் என்பது நம் மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடியது புறநானூற்றின் 71ஆம் பாட்டு. பகைவரைப் புறங்காணேனாயின் இவளைப் பிரிவேனாகுக என்று வஞ்சினம் கூறுகிறான். அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது 246. கணவன் இறந்தபின் தீப்பாயப் போகிறவளைத் தடுக்கும் சான்றோரிடம், கைம்மை நோன்பின் உணவையும் படுக்கையையும் சொல்லிக் காட்டி, அது எனக்கு வேண்டாம் என்கிறாள். அந்தக் காட்சியை வெளியே நின்று கண்டு பாடியவர் மதுரைப் பேராலவாயார், 247. மூன்று பாட்டு, மூன்று வாய். அவன் பாட்டில் அவள் கண்ணழகு இருக்கிறது, அவள் மனம் இல்லை. தெரியாததை அவன் சொல்ல முனையவில்லை. அவள் பாட்டிலோ அவன் வஞ்சினத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அவள் பேசுவது கைம்பெண்ணாக உயிரோடிருப்பதன் கொடுமையை. உடன்கட்டையின் பெருமை என்று பாடநூல்கள் அதை மழுப்பியது நம் குற்றம், அவளுடையதன்று. அவள் முடிவை நாம் போற்றவில்லை. அவள் காரணத்தை அவள் வாயாலேயே கேட்க முடிகிறது என்பதையே சொல்கிறோம்.

நம் மாணவர் தாள்களில் ஒன்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அமைதியான ஒரு மாணவன் எழுதியது, ஒன்றரைப் பக்கம்தான். அவன் தாளில் அந்த இளைஞன் பாங்கனிடம் காதலைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. கையைப் பிடித்ததைச் சொல்கிறான், அவள் கத்தியதைச் சொல்கிறான், ஓடிவந்த தாயைக் கண்டதும் தன் கால் நடுங்கியதைச் சொல்கிறான். முதுகில் தாயின் கை பட்டபோது கூசியது என்கிறான். பிறகு, அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பாங்கனிடம் கேட்கிறான். பாங்கனுக்கும் தெரியவில்லை. அத்தோடு தாள் முடிந்துவிடுகிறது. கடைக்கண் பார்வையும் சிரிப்பும் எங்கே என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தோம். பிறகு அந்த மாணவனை அழைத்து மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தோம். அவன் எதற்கென்று கேட்கவில்லை.

இவ்வாண்டு வினாவை மாற்றியிருக்கிறோம். அதே பாட்டைத் தாயின் கூற்றாக எழுத வேண்டும். நீர் கொடுத்துவிட்டு வா என்று மகளை அனுப்பியவள் அவள், ஓடிவந்து முதுகைத் தடவியவளும் அவளே. விக்கல் என்பதை அவள் நம்பினாளா இல்லையா என்பதைப் பாட்டில் யாரும் சொல்லவில்லை. தாள்கள் இன்னும் வந்து சேரவில்லை.